கோயிலா, கிளினிக்கா, காவல் நிலையமா?

மனம் உடைந்துபோன ஒருவரை வீட்டார் முதலில் எங்கே கூட்டிப் போகிறார்கள் என்று பாருங்கள். மனத்தைப் பற்றி அந்த வீடு என்ன நம்புகிறது என்பது விளங்கிவிடும். பினாங்கில் அண்மைக்காலம் வரை மூன்று இடங்கள் இருந்தன: சாமி பார்க்கும் இடம், ஆஸ்பத்திரி, காவல் நிலையம். மூன்றாவதை நாடாளுமன்றம் 2023இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மிச்சமுள்ள இரண்டும் ஒன்றையொன்று சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் நிற்பவர் நோயாளி.

அந்த ஆண்டு மே 22ஆம் தேதி மக்களவை நிறைவேற்றிய திருத்தத்தால் தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு ஒழிந்தது. அதுவரை, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்க முடிந்தது. இந்தியாவுக்காக 1860இல் இயற்றிய சட்டத்தை ஆங்கிலேயர் 1871இல் நீரிணைக் குடியேற்றங்களுக்கும் கொண்டுவந்தார்கள். பினாங்கு அவற்றில் ஒன்று. சிங்கப்பூர் அந்தப் பிரிவை 2020இலேயே கைவிட்டது.

சட்டம் போனது நல்லது. ஆனால் அது விட்டுச் சென்ற பழக்கம் போகவில்லை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்ற பயத்தில் "தவறி நடந்துவிட்டது டாக்டர்" என்று சொல்லிப் பழகிய குடும்பங்கள் இன்றும் அதையே சொல்கின்றன. மருத்துவருக்கு உண்மை தெரியாது. நோயாளி காயம் ஆறியதும் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். எது ஆற வேண்டுமோ அதை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள்.

சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வின்படி, மனச்சோர்வுக்கு ஆளான பெரியவர்கள் 2019இல் 2.3 விழுக்காடு, 2023இல் 4.6 விழுக்காடு. நான்கே ஆண்டில் இரட்டிப்பு. தலைக்கணக்கில் சொன்னால் ஏறத்தாழ ஒரு மில்லியன் பேர். நம் சமூகத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. மலேசிய மக்கள்தொகையில் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காடுதான். தற்கொலை பற்றிய உள்நாட்டு ஆய்வுகளிலோ, நம் பங்கு அதைவிட அதிகம் என்பது நெடுங்காலமாகத் திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கிறது.

இதில் தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். மனம் என்பது மூளையா, ஆவியா, ஆன்மாவா என்ற கேள்வி பல்கலைக்கழக வகுப்பறைக்கு உரியதாகத் தோன்றும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு மகன் சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கும்போது, காரை எந்தப் பக்கம் திருப்புவது என்று தீர்மானிப்பது அந்தக் கேள்விக்கு நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் பதில்தான். அந்தப் பதிலை நாம் யாரும் உட்கார்ந்து யோசித்து எடுத்ததில்லை என்பதுதான் சங்கடம்.

1846: ஒரு வழக்கு, நான்கு விளக்கங்கள்

இந்தக் கேள்வி பினாங்கில் ஒருமுறை நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 1846 ஜூலை 8ஆம் தேதி, சூனான் என்ற மலாய்க்காரர், வீடு கட்டும் தொழிலாளி, ஊரில் மதிப்புள்ளவர், திடீரென்று ஆயுதத்தோடு தெருவில் இறங்கினார். எதிர்ப்பட்டவர்களை எல்லாம் வெட்டினார். இறந்தவர்களில் தென்னிந்தியர்கள் இருந்தார்கள். தகப்பன் கையிலிருந்த மூன்று வயதுக் குழந்தையும் இருந்தது. ஐந்தாம் நாள் விசாரணை நடந்து தீர்ப்பும் வந்தது. ஏழாம் நாள் தூக்கு.

சூனானுக்கு அதற்குச் சற்று முன்புதான் மனைவியும் ஒரே பிள்ளையும் இறந்திருந்தார்கள். விசாரணையில் இது சொல்லப்பட்டது. நீதிபதி சர் வில்லியம் நோரிஸ் அதைக் கேட்டுக்கொண்டார். நோய் என்று ஏற்கவில்லை. அவர் கண்ணுக்கு அது மனமறிந்து செய்த கொடுமை. உடலை மருத்துவர்கள் கூறுபோடட்டும் என்று சேர்த்து உத்தரவிட்டார். இப்படிப்பட்ட வெறிக்கு இஸ்லாமிய மதமே காரணம் என்ற வாதமும் 1849இல் ஓர் இதழில் அவர் பெயரில் அச்சேறியது. இன்று படித்தால் கூசுகிறது.

அதே ஆண்டு, அதே இதழில், டாக்டர் ஆக்ஸ்லி என்ற அரசு மருத்துவர் வேறு கதை சொன்னார். இவ்வாறு வெறிகொண்டவர்களைத் தாம் பரிசோதித்தபோது பெரும்பாலோருக்கு வயிற்றுக்கோளாறோ ஆறாத புண்ணோ இருந்தது என்றார். உடம்பு கெட்டது, அதனால் மனம் கெட்டது என்பது அவர் கட்சி. பிடிபட்டவர்கள் மட்டும் திரும்பத் திரும்ப ஒரே பதிலைச் சொன்னதாகவும் அவரே எழுதியிருக்கிறார்: தங்களுக்குள் ஷைத்தான் புகுந்தது, கண் இருண்டது, என்ன செய்தோம் என்று தெரியவில்லை.

ஆக, ஒரே செயலை நீதிபதி தீய சித்தம் என்றார், மருத்துவர் உடல்நோய் என்றார், செய்தவர்கள் ஆவி என்றார்கள். மனைவியையும் பிள்ளையையும் இழந்தவனின் துக்கம் என்ற நான்காவது விளக்கம் விசாரணை ஏட்டில் இருந்தும் யாரும் அதைக் கையில் எடுக்கவில்லை. அந்த இதழை நடத்திய ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் பினாங்கில் வழக்கறிஞராக இருந்தவர். அவர் நினைவுச் சின்னம் இன்றும் ஜார்ஜ்டவுன் உயர் நீதிமன்றத்தை ஒட்டி நிற்கிறது. வழக்குக்குப் போகிறவர்கள் தினமும் அதைக் கடந்துதான் போகிறார்கள்.

(மனநோய் உள்ளவர்கள் என்றாலே வெறிகொண்டு தாக்குவார்கள் என்று இந்தக் கதையிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மிகப் பெரும்பாலோர் யாரையும் தொடுவதே இல்லை.)

இன்றைய சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? தண்டனைச் சட்டத்தின் 84ஆவது பிரிவு கேட்பது இதுதான்: சித்தம் கலங்கியதால், தான் செய்வது என்ன என்றோ அது தவறு என்றோ அறிய முடியாத நிலையில் அவர் இருந்தாரா? லண்டனில் 1843இல் எழுந்த மெக்நாட்டன் வழக்கின் வழி வந்த கேள்வி அது. சட்டத்துக்கு மனம் என்றால் அறிவு. அறிந்தும் தடுக்க முடியாமல் போனவர்கள், துக்கத்தில் மூழ்கியவர்கள் அந்தக் கேள்விக்குள் சரியாகப் பொருந்துவதில்லை.

நம் நூல்களில் இருக்கும் பழைய சண்டை

மூளைதான் மனம் என்பது மேற்கிலிருந்து வந்த சரக்கு, ஆன்மாதான் மனம் என்பது நம்முடையது என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. இரண்டும் தவறு.

மணிமேகலையில் வஞ்சி நகரத்தில் ஒவ்வொரு சமயத்தாரும் தத்தம் கொள்கையைச் சொல்லும் பகுதி இருக்கிறது. அதில் வரும் பூதவாதி ஆன்மாவை ஏற்பதில்லை. பூவும் வெல்லக்கட்டியும் மற்றவையும் சேர்ந்து ஊறும்போது அவற்றில் தனித்தனியே இல்லாத போதை பிறக்கிறதே, அப்படித்தான் பூதங்கள் கூடும்போது உணர்வு பிறக்கிறது என்கிறான். இன்றைய நரம்பியலாளர் பலர் சொல்வதன் சாரம் இதுதான். நூலாசிரியர் சாத்தனார் அவன் பக்கம் நிற்கவில்லை என்பது வேறு விஷயம், அவனைப் பேசவிட்டார்.

சைவ சித்தாந்தம் இன்னும் சுவாரசியமானது. தண்ணீர்மலையில் காவடி எடுக்கும் நம்மில் பலருக்கு இது தெரியாது. மெய்கண்டாரின் சிவஞானபோதத்தில் நான்காம் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களில் ஒன்று அல்ல என்று நிறுவுகிறது. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் ஆகிய நான்கும் உயிர் பயன்படுத்தும் கருவிகள். மாயையிலிருந்து தோன்றியவை, சடப்பொருள்கள். கண், காது, கை, கால் ஆகியவற்றோடு சேர்த்து முப்பத்தாறு தத்துவங்களின் பட்டியலில்தான் மனமும் நிற்கிறது.

இதன் நடைமுறைப் பொருளைக் கவனியுங்கள். சித்தாந்தப்படி மனத்துக்கு வரும் நோய் உயிருக்கு வந்த களங்கம் அல்ல. கருவிக்கு வந்த பழுது. கண்ணில் புரை விழுந்தால் பினாங்கு ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுக்கும் பக்தர், மனத்துக்கு மாத்திரை சாப்பிட்டால் மட்டும் சாமி கோபித்துக்கொள்ளும் என்று எங்கிருந்து எடுத்தார்? அவருடைய சமய நூல் அப்படிச் சொல்லவில்லை. சித்த மருத்துவமும் மனநோய்களைக் கிரிகை என்ற பெயரில் பதினெட்டாக வகுத்து மருந்து பேசியது.

ஐரோப்பாவில் மனத்தையும் உடலையும் இரண்டு தனிப் பொருள்களாகப் பிரித்தவர் டெக்கார்ட். 1643இல் பொஹீமியாவின் இளவரசி எலிசபெத் அவருக்குக் கடிதம் எழுதிக் கேட்டார்: இடமும் வடிவமும் இல்லாத ஆன்மா, கையை எப்படி அசைக்கிறது? டெக்கார்ட் சுற்றிவளைத்துப் பதில் எழுதினார், இளவரசி திருப்தியடையவில்லை. இன்றுவரை யாரும் முழுத் திருப்தி அடையவில்லை. எந்தக் கொள்கை சரி என்று தீர்ந்த பிறகுதான் பிள்ளையைக் காப்பாற்றுவோம் என்றால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

நம்பிக்கை மாத்திரையை நிறுத்தும்போது

"வெளிக்காத்து பட்டிருக்கு", "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்பது நம் வீடுகளில் மட்டும் கேட்கும் பேச்சல்ல. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் மருத்துவ வளாக மருத்துவர்கள் 134 மலாய் மனநோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 1996இல் வெளியானது. பாதிக்கும் மேற்பட்டோர் தங்கள் நோய்க்கு அமானுஷ்ய சக்தியே காரணம் என்று நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள்தான் போமோ எனப்படும் மலாய் மந்திர வைத்தியரிடம் அதிகம் போனார்கள், மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மனத்தைப் பற்றிய கொள்கை ஒருவருடைய மாத்திரை டப்பாவுக்குள் புகுந்து வேலை செய்வது இப்படித்தான்.

இதன் கொடூரமான முனை ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை, ராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த ஊர்த் தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் விடுதியில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டார்கள். கட்டிவைத்தது தர்கா அல்ல, விடுதிக்காரர்கள். ஆனால் ஆவி பிடித்தவன் என்ற நினைப்பு இல்லாவிட்டால் அந்தச் சங்கிலிக்குப் பெற்றோரே சம்மதித்திருப்பார்களா?

உடனே பூசாரியை எல்லாம் விரட்டு என்று கிளம்புகிறவர்களுக்கு இன்னொரு செய்தி. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளை டாக்டர் ரகுராமும் சகாக்களும் கவனித்து, 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். அங்கே பேயோட்டுவதில்லை, அடிப்பதில்லை. தங்குவதும் கோயில் வேலைகளில் கைகொடுப்பதும்தான். வாரக்கணக்கில் தங்கியவர்களின் நோய்க்குறி மதிப்பெண் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. சில மருந்துகள் தரும் பலனோடு ஒப்பிடத்தக்கது என்றார்கள். சிறிய ஆய்வுதான், ஆனால் வரவேற்கும் இடமும் செய்ய வேலையும் மனத்தைத் தொடுகின்றன என்பதைத் தள்ளிவிட முடியாது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் எடுத்த வழிதான் 'தவா-துவா', அதாவது மருந்தும் பிரார்த்தனையும். குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் இது தொடங்கியது. பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. தர்காவிலேயே மருத்துவர் உட்காருகிறார். ஓதி ஊதுகிறவர் ஓதி முடித்துவிட்டு, அப்படியே டாக்டரையும் பார்த்துவிட்டுப் போ என்று அனுப்புகிறார். யாரும் யாருடைய நம்பிக்கையையும் கேலி செய்யவில்லை.

மூளை மட்டும் என்றாலும் தொல்லைதான்

கிளினிக் பக்கமும் குறை இல்லாமல் இல்லை. எல்லாம் மூளை ரசாயனம் என்று சொல்லி ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதி அனுப்புவதும் ஒரு கொள்கைதான், அதுவும் பாதிக் கொள்கை. பிறையில் தொழிற்சாலை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து, வட்டிக்காரனின் போனுக்குப் பயந்து தூங்காமல் இருப்பவருக்கு மாத்திரை தூக்கம் தரலாம், கடனைத் தீர்க்காது. தத்துவ ஆசிரியர் கில்பர்ட் ரைல் 1949இல் எழுதியது இங்கே உதவும்: மனம் உடம்புக்குள் ஒளிந்திருக்கும் ஓர் ஆவி அல்ல, ஒருவர் பேசும், பழகும், வேலை செய்யும் விதங்களிலேயே அது இருக்கிறது. அப்படியானால் குடும்பம், சம்பளம், பள்ளிக்கூடம் எல்லாமே சிகிச்சைக்குள் வந்தாக வேண்டும்.

மொழியும் வரும். மனத்தில் இருப்பதைத் தாய்மொழியில்தான் முழுதாகச் சொல்ல முடியும். மலாயில் "சாக்கிட் கெப்பாலா" என்று மட்டும் சொல்லத் தெரிந்த பாட்டி தலைவலி மாத்திரையோடுதான் திரும்புவார்.

புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இடைநிலைப் பள்ளிப் பிள்ளைகள் நள்ளிரவில் தங்கள் வேதனையை ஏஐ செயலியிடம் கொட்டுகிறார்கள். மனம் எதனால் ஆனது என்பது முக்கியமல்ல, என்ன வேலை செய்கிறது என்பதே முக்கியம் என்று 1960களில் ஹிலரி புட்னம் போன்றவர்கள் வாதிட்டார்கள். அந்தக் கணக்குப்படி இயந்திரத்துக்கும் மனம் இருக்கலாம். இருக்கட்டும். அதனால் கதவைத் தட்டிப் பக்கத்தில் வந்து உட்கார முடியாது. பிள்ளை அதனிடம் போவதற்குக் காரணம் அது திட்டுவதில்லை என்பதே. பெற்றோர் யோசிக்க வேண்டியது அதைத்தான்.

திட்டுவது என்றதும், 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று நாம் விளையாட்டாகச் சொல்வதை நிறுத்தலாம். 1911இல் தொடங்கிய அந்த ஊர் மனநல மருத்துவமனைக்கு இன்று பஹாகியா உலு கிந்தா என்று பெயர். போய்க் குணமாகி வந்து நம் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறவர்கள் அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

செய்யக்கூடியவை

வீட்டிலிருந்து தொடங்குவோம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமில்லாமல் ஒருவர் இருந்தால் அரசு சுகாதாரக் கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். ஒரு வெள்ளிதான் கட்டணம். அங்கே மனச்சோர்வுக்கான கேள்வித்தாள் இருக்கிறது. தேவையானால் நிபுணரிடம் அனுப்புவார்கள். கோயிலுக்கும் போக வேண்டுமா, தாராளமாகப் போங்கள். மருந்தை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

சாக வேண்டும் போலத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்கப் பயப்பட வேண்டாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும். ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். 15555 என்ற சுகாதார அமைச்சின் ஹீல் எண்ணை அழையுங்கள். ஆபத்து நெருங்கியிருந்தால் 999.

தற்கொலை முயற்சி இப்போது குற்றமல்ல என்பதை ஆஸ்பத்திரி அவசரப் பிரிவின் வாசலில் தமிழ் உட்பட நான்கு மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். சட்டம் மாறியது தெரியாமல் பொய் சொல்லும் குடும்பங்களுக்கு அந்த ஒரு தாள் போதும். மனநலச் சட்டத் திருத்தத்தால் காவலர்களோடு தீயணைப்பு வீரர்களுக்கும் நெருக்கடியில் தலையிட அதிகாரம் வந்திருக்கிறது. அவர்களுக்குத் தமிழில் பத்து வாக்கியமாவது சொல்லித்தர வேண்டும். மாநில சுகாதாரத் துறை, பினாங்கிலும் செபராங் பிறையிலும் தமிழ் பேசும் ஆலோசகர்கள் எந்தக் கிளினிக்கில் எந்தக் கிழமை இருப்பார்கள் என்று பட்டியல் வெளியிடலாம். ஆள் போதாது என்று தெரிந்தால் அதையாவது பேசத் தொடங்கலாம்.

பத்திரிகைகளும் தப்ப முடியாது. எந்த இடத்தில், எந்த விதத்தில் என்று விவரித்து எழுதும் தற்கொலைச் செய்தி, அதே நிலையில் இருக்கும் வாசகருக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. அதை விட்டுவிட்டு உதவி எண்ணைப் போடுவதற்கு இடம் கூடுதலாக ஒன்றும் தேவைப்படாது.

கடைசியாகக் கோயில்கள். நம் மக்கள் முதலில் போகும் இடம் அதுதான். அதை மாற்ற முயல்வதைவிடப் பயன்படுத்துவது மேல். பினாங்கு இந்து அறப்பணி வாரியம் தன் நிர்வாகத்தில் உள்ள கோயில்களின் அர்ச்சகர்களுக்கும், சாமி பார்க்கும் சிறு கோயில் பூசாரிகளுக்கும் மனநல மருத்துவர்களைக் கொண்டு ஒருநாள் பயிற்சி நடத்தட்டும். குரல்கள் கேட்கின்றன என்றால், சாப்பிடாமல் தூங்காமல் இருக்கிறார் என்றால், சாகிறேன் என்கிறார் என்றால், விபூதி பூசிய கையோடு கிளினிக்குக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். தைப்பூசத்தன்று லிட்டில் இந்தியாவிலிருந்து தண்ணீர்மலை வரை வரிசையாகத் தண்ணீர்ப் பந்தல்கள் போடுகிறோம். அடுத்த தைப்பூசத்தில் அவற்றில் ஒன்றை மனநலத்துக்கு ஒதுக்கலாம்: தமிழ் தெரிந்த இரண்டு தாதியர், ஓர் ஆலோசகர், ஒலிபெருக்கிக்கு எட்டாத ஒரு மூலையில் நான்கு நாற்காலி, சட்டைப்பையில் வைக்கிற அளவில் எண் அச்சிட்ட அட்டைகள். மோர் வாங்க வருகிறவர் ஓர் அட்டையையும் வாங்கிக்கொண்டு போகட்டும்.